விடியற்காலையில் மலை காட்டும் எண்: லாஸ் வேகஸ் காற்றின் பின்னணி ஓசோன்

மே மாத விடியற்காலை ஐந்து மணிக்கு லாஸ் வேகஸ் நகருக்குள் இருக்கும் ஓசோன் அளவிகள் பெரும்பாலும் தணிந்தே கிடக்கும். இரவு முழுக்க ஓடிய வண்டிகளின் நைட்ரிக் ஆக்சைடு, தரையை ஒட்டிய ஓசோனைத் தின்று தீர்த்திருக்கும். அதே நேரம் நகருக்கு வடமேற்கே, ஸ்பிரிங் மலைத்தொடரில் சுமார் 2,700 மீட்டர் உயரத்தில் நிற்கும் ஏஞ்சல் பீக் உச்சியில் ஓர் அளவியை வைத்தால் அது 55, 60 பிபிபி காட்டும். பிபிபி என்றால் நூறு கோடிப் பங்கு காற்றில் ஒரு பங்கு. அமெரிக்காவின் ஓசோன் தரம், அதாவது காற்றில் அனுமதிக்கப்படும் உச்ச அளவு, 70 பிபிபி. நகரம் கண் விழிப்பதற்கு முன்பே தரத்தின் பெரும்பகுதி தலைக்கு மேலே காத்திருக்கிறது; மதியம் அது கீழே இறங்கும்.

இந்தக் காத்திருக்கும் ஓசோனைத்தான் பின்னணி ஓசோன் என்கிறோம். ஆனால் இந்தச் சொல்லை ஆளுக்கொரு பொருளில் பயன்படுத்துவதால் வரும் குழப்பம் கொஞ்சநஞ்சமல்ல. ஒழுங்குமுறையில் பேசப்படும் ‘அமெரிக்கப் பின்னணி’ என்பது, அமெரிக்காவில் மனிதர் வெளியிடும் மாசு அத்தனையையும் சுழியமாக்கினால் மிஞ்சும் ஓசோன். அதை எந்தக் கருவியாலும் அளக்க முடியாது. கணினி மாதிரியில் மட்டுமே கணக்கிட முடியும். ‘இயற்கைப் பின்னணி’ என்றால் உலகம் முழுவதும் மனித மாசு இல்லாத நிலை. லாஸ் வேகஸ் அடங்கிய மாவட்டமான கிளார்க் கவுண்டியின் அதிகாரிகளுக்கு அன்றாட வேலையில் தேவைப்படுவது மூன்றாவது ஒன்று: கவுண்டி எல்லைக்குள் நுழையும்போதே காற்றில் இருக்கும் ஓசோன். இதில் லாஸ் ஏஞ்சலஸிலிருந்து வருவதும் அடங்கும். அமெரிக்கப் பின்னணியில் அது அடங்காது. ஒரு கூட்டத்தில் இருவர் ‘பின்னணி 55’, ‘பின்னணி 45’ என்று வாதிட்டால், முதலில் எந்தப் பின்னணி என்று கேளுங்கள். பாதி சண்டை அங்கேயே தீர்ந்துவிடும்.

பாலைவனம் ஏன் இதற்கு இவ்வளவு வாகாக இருக்கிறது? முதல் காரணம் கலப்பு உயரம். ஈரமான நிலத்தில் சூரிய வெப்பத்தின் பெரும்பகுதி நீரை ஆவியாக்கச் செலவாகிறது. லாஸ் வேகஸைச் சூழ்ந்த மொகாவே பாலைவனத்தில் அந்தச் செலவு இல்லை; வெப்பம் நேராகக் காற்றுக்குப் போகிறது. வசந்தத்தின் கடைசியிலும் கோடையின் தொடக்கத்திலும் பிற்பகலில் காற்று மூன்று, நான்கு கிலோமீட்டர் உயரம் வரை கொதிக்கும் உலைபோலப் புரளும். அந்த உயரத்துக் காற்று தரைக்கு வந்தே தீரும். இரண்டாவது, ஓசோனை உறிஞ்ச ஆளில்லை. காட்டில் இலைத்துளைகள் ஓசோனை இழுத்துக்கொள்ளும். வெறும் மண்ணும் கல்லும் அதைப் பல மடங்கு மெதுவாகவே எடுக்கும். மூன்றாவது, வறட்சி. ஓசோன் ஒளியில் சிதையும்போது பிறக்கும் கிளர்ந்த ஆக்சிஜன் அணு நீராவியோடு சேர்ந்தால் அந்த ஓசோன் போனது போனதுதான். நீராவி குறைவாக இருந்தால் அந்த அணு மறுபடி ஆக்சிஜனோடு சேர்ந்து ஓசோனாகவே திரும்பிவிடும்.

கலப்பு எப்படி வேலை செய்கிறது என்பதை ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். எண்கள் கணக்குக்காக எடுத்தவை. காலையில் தரையிலிருந்து 300 மீட்டர் வரை 20 பிபிபி. அதற்கு மேல் 3,000 மீட்டர் வரை 60 பிபிபி. பிற்பகலில் இரண்டும் முழுதாகக் கலந்தால், 300-ஐ 20-ஆல் பெருக்கி, 2,700-ஐ 60-ஆல் பெருக்கி, கூட்டி, 3,000-ஆல் வகுக்க வேண்டும். விடை 56. நகரத்தின் சொந்த உற்பத்தி, அதாவது ஊரின் மாசு வெயிலில் உண்டாக்கும் ஓசோன், 12 பிபிபி என்று வைத்தால் 68; தரத்துக்குள் அடங்கிவிட்டது. அடுத்த நாள் எல்லாம் அப்படியே இருக்க, 3,000-க்கும் 4,000-க்கும் நடுவே 90 பிபிபி கொண்ட ஒரு பட்டை மட்டும் வந்து நிற்கிறது. கலப்பும் 4,000 வரை எட்டுகிறது. இப்போது கலவை 64.5. நகரத்தின் 12-ஐச் சேர்த்தால் 76.5. ஊரில் ஒரு வண்டிகூடக் கூடுதலாக ஓடவில்லை, ஆனால் தரம் மீறப்பட்டுவிட்டது. மேலே காற்று அடர்த்தி குறைந்தது என்பதால் உண்மையில் மேல்பட்டையின் பங்கு சற்றுக் குறையும், பாடம் மாறாது. கலப்பு 3,000 மீட்டரிலேயே நின்றிருந்தால் அந்தப் பட்டை யாரையும் தொடாமல் கிழக்கே போயிருக்கும் என்பதும் இதே கணக்கில் இருக்கிறது. மேலே என்ன இருக்கிறது என்பதோடு, கலப்பு எவ்வளவு உயரம் எட்டும் என்பதையும் சேர்த்தே கணிக்க வேண்டும்.

அந்தப் பட்டை எங்கிருந்து வருகிறது? வசந்தத்தில் பெரும்பாலும் ஸ்ட்ரேட்டோஸ்பியரிலிருந்து, அதாவது ஓசோன் படலம் இருக்கும் அடுக்கிலிருந்து. உயரத்தில் வேகமாக ஓடும் ஜெட் காற்றோட்டம் தெற்கு நோக்கி ஆழமாக வளையும் இடங்களில், இரண்டு அடுக்குகளையும் பிரிக்கும் எல்லை மடிந்து, ஒரு நாக்குப்போலக் கீழ்நோக்கி நீளும். அந்த நாக்கு குளிர்முனையின், அதாவது முன்னேறும் குளிர்காற்றின் விளிம்பின், பின்புறமாக, சாய்வாக இறங்கி, மெலிந்து, சுற்றியுள்ள காற்றோடு கலந்து நீர்த்துப்போகும். சில நூறு பிபிபியாகக் கிளம்பியது மூன்று, நான்கு கிலோமீட்டர் உயரத்துக்கு வரும்போது நூறை ஒட்டி நிற்கலாம். தானாகத் தரையைத் தொடுவது அரிது. மற்ற நிலப்பகுதிகளில் கதை அங்கேயே முடிந்துவிடும். மொகாவேயில் பிற்பகல் கலப்பு மேலே ஏறிப் போய் அதைக் கையால் எட்டிப் பிடிப்பதுபோல் பிடித்துக்கொள்கிறது. ஸ்ட்ரேட்டோஸ்பியரின் அடிப்பகுதியில் ஓசோன் இருப்பு நிறைந்திருக்கும் காலமும், பாலைவனக் கலப்பு உயரத் தொடங்கும் காலமும் ஒன்றோடொன்று பொருந்துவது ஏப்ரல் முதல் ஜூன் வரை. ஆகவேதான் இந்த ஊரில் ஓசோன் சிக்கல் சித்திரை வெயிலிலேயே தொடங்கிவிடுகிறது.

இதெல்லாம் மாதிரியில் மட்டும் கண்டதல்ல. 2013 மே, ஜூனில் நடந்த லாஸ் வேகஸ் ஓசோன் ஆய்வில் அமெரிக்கக் கடல், வளிமண்டல நிர்வாகமான நோவா, டோபாஸ் என்ற லைடாரை ஏஞ்சல் பீக்கில் கொண்டுபோய் நிறுத்தியது. லைடார் புறஊதாக் கதிரை மேலே அனுப்பி, திரும்பி வரும் ஒளியிலிருந்து ஒவ்வொரு உயரத்திலும் ஓசோன் எவ்வளவு என்று சொல்லும். 2017 மே, ஜூனில் அதைவிடப் பெரிய ஆய்வு நடந்தது; காட்டுத்தீ, ஆசிய மாசு, ஸ்ட்ரேட்டோஸ்பியர் மூன்றையும் பிரித்தறிவதே அதன் நோக்கம். இம்முறை லைடார் வடக்கு லாஸ் வேகஸ் விமான நிலையத்தில் நின்றது, ஏஞ்சல் பீக்கில் அளவிகள் ஓடின, விமானங்களும் பறந்தன. அந்த ஜூன் 11 முதல் 13 வரை வந்த ஆழமான ஊடுருவல் (ஸ்ட்ரேட்டோஸ்பியர் காற்று கீழே இறங்குவதை இப்படிச் சொல்வார்கள்), பின்னணி பற்றிப் பேசும் எவரும் எடுத்துப் படிக்க வேண்டிய உதாரணம்.

ஊடுருவலுக்கு ஒரு கையெழுத்து உண்டு. ஓசோன் ஏறும்போது பனிநிலை (காற்றின் நீராவி பனித்துளியாகப் படியத் தொடங்கும் வெப்பநிலை) சரியும், ஈரப்பதம் ஒற்றை இலக்கத்துக்கு இறங்கும், கார்பன் மோனாக்சைடு ஏறாது அல்லது குறையும், நைட்ரஜன் ஆக்சைடுகள் அசையாது. ஆனால் இதில் ஒரு பொறி இருக்கிறது. பாலைவனக் காற்று எப்போதுமே உலர்ந்தது; தரையில் ஈரப்பதம் 8 சதவீதம் என்பதை மட்டும் வைத்து ஊடுருவல் என்று எழுதிவிடக் கூடாது. மலை உச்சியில், ஒரே மணி நேரத்தில், ஓசோன் மேலேயும் நீராவி கீழேயும் ஒன்றுக்கொன்று எதிராகப் போகிறதா என்று பார்க்க வேண்டும். ஊடுருவலைக் கொண்டுவரும் அதே குளிர்முனை பலத்த காற்றையும் புழுதியையும் கிளப்பும். புழுதி அளவி உச்சத்தில் இருக்கும் நாளில் ஓசோனும் உச்சமா என்று பலர் குழம்புவார்கள். புழுதி ஓசோனை உண்டாக்குவதில்லை. துகளின் மேற்பரப்பு நைட்ரிக் அமிலத்தையும் கொஞ்சம் ஓசோனையும் எடுத்துக்கொள்ளவே செய்யும். இரண்டும் ஒரே வண்டியில் வந்த பயணிகள், அவ்வளவுதான்.

ஆசிய மாசு இதைவிட அமைதியாக வரும். கிழக்கு ஆசியாவில் புயல்களோடு மேலே தூக்கப்படும் காற்று ஒரு வாரம், பத்து நாளில் பசிபிக்கைக் கடந்துவிடும். மேல்காற்றில் ஓசோனின் ஆயுள் மூன்று வாரம் அளவுக்கு இருப்பதால் அது தாங்கும். அதோடு பான் என்று சுருக்கமாகச் சொல்லப்படும் பெராக்சிஅசிட்டைல் நைட்ரேட்டும் வரும். குளிர்ந்த உயரத்தில் அது வாரக்கணக்கில் உடையாமல் நைட்ரஜன் ஆக்சைடைப் பூட்டி வைத்திருக்கும். காற்று இறங்கிச் சூடேறியதும் ஒரு மணி நேரத்துக்குள் உடைந்து அதைக் கொட்டிவிடும். ஓசோன் அங்கேயே புதிதாகப் பிறக்கும். ஆசியப் பட்டையில் கார்பன் மோனாக்சைடு சற்று உயர்ந்திருக்கும், ஈரமும் ஸ்ட்ரேட்டோஸ்பியர் காற்றைவிட அதிகம். இரண்டும் ஒரே காற்றழுத்த அமைப்பில் பின்னிப் பிணைந்து வரும் நாள்களும் உண்டு. அந்த நாள்களில் ‘இவ்வளவு இது, இவ்வளவு அது’ என்று துல்லியமாகப் பிரிப்பதாகச் சொல்லும் அறிக்கையை நான் ஐயத்தோடுதான் படிப்பேன்.

லாஸ் ஏஞ்சலஸ் படுகை நேர்க்கோட்டில் சுமார் 370 கிலோமீட்டர் தொலைவு. கடற்காற்று கஹோன் கணவாய் வழியாக மாசைப் பாலைவனத்துக்குள் தள்ளும். சான் வாக்கின் பள்ளத்தாக்கின் மாசு தெஹாச்சபி கணவாய் வழியாக வரும். இதை அறிய நேரம்தான் திறவுகோல். உள்ளூர் ஓசோன் நண்பகலிலிருந்து நான்கு மணிக்குள் உச்சம் காணும். தென்மேற்கிலிருந்து வருவது மாலை சாயும்போது இரண்டாவது மேடாகத் தெரியும். அது முதலில் தெரியும் இடம், நகருக்குத் தென்மேற்கே 15-ஆம் எண் நெடுஞ்சாலையோரம் இருக்கும் ஜீன். நகரின் வடமேற்கில் உள்ள ஜோ நீல் நிலையத்தின் அளவிலிருந்து ஜீனின் அளவைக் கழித்தால் நகரத்தின் பங்கு கிடைக்கும் என்பது பரவலான குறுக்குவழி. தென்மேற்குக் காற்று வீசும் நாளில் அது ஓரளவு சரி. காற்று வடக்கிலிருந்து வரும் நாளில் அந்தக் கழித்தலுக்குப் பொருளே இல்லை.

காட்டுத்தீயில்தான் தவறுகள் அதிகம் நேர்கின்றன. புகை என்றாலே ஓசோன் கூடும் என்று எண்ணிக்கொள்கிறோம். தீக்கு அருகில், புதிதாகக் கிளம்பிய புகையில், நைட்ரிக் ஆக்சைடு ஓசோனைத் தின்னும். அடர்ந்த புகை சூரிய ஒளியையும் மறைக்கும். ஓசோன் அங்கே குறையவும் கூடும். புகை ஒன்றிரண்டு நாள் பயணித்து, மெலிந்து, ஒளி உள்ளே புகும் நிலையில் வரும்போதுதான் உற்பத்தி பெருகும். தீயின் நைட்ரஜன் ஆக்சைடு சில மணி நேரத்தில் பான் வடிவில் பூட்டப்பட்டுவிடுவதால், புகையில் மிஞ்சுவது ஏராளமான கரிமச் சேர்மங்கள். அவை நைட்ரஜன் ஆக்சைடு நிறைந்த நகரக் காற்றைச் சந்திக்கும் இடத்தில் ஓசோன் பொங்கும். ஆக, புகை நாளின் ஓசோனில் தீயின் பங்கும் நகரத்தின் பங்கும் கூட்டல் கணக்காகப் பிரியாது. இரண்டும் சேர்ந்து சமைத்தது அது.

கருவியும் புகையில் ஏமாறும். வழக்கமான அளவி 254 நானோமீட்டர் புறஊதாக் கதிரைக் காற்றுக்குள் செலுத்துகிறது. பிறகு அதே காற்றை ஓசோன் நீக்கி வழியாக அனுப்பி மறுபடி அளக்கிறது. இரண்டுக்கும் உள்ள வேறுபாடுதான் ஓசோன். புகையில் உள்ள சில நறுமண வளையச் சேர்மங்களும் அந்தக் கதிரை உறிஞ்சும், ஓசோன் நீக்கியிலும் சிக்கிக்கொள்ளும். கருவி அவற்றையும் ஓசோன் என்று எண்ணிவிடும். கண்டுபிடிக்க எளிய வழி ஒன்று உண்டு: புகை சூழ்ந்த இரவில் நகர நிலையத்தில் நைட்ரிக் ஆக்சைடும் ஓசோனும் ஒரே நேரத்தில் அதிகமாகத் தெரிந்தால், அந்த ஓசோன் உண்மையல்ல. இரண்டும் சில நிமிடங்களில் ஒன்றையொன்று அழித்துவிடும். இருளில் கூடி வாழ முடியாது. நைட்ரிக் ஆக்சைடோடு ஓசோன் வினைபுரியும்போது வரும் ஒளிர்வை அளக்கும் முறைக்கு இந்தக் குறை மிகக் குறைவு. 2015-இல் அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை இதையும் அதிகாரபூர்வக் குறிப்பு முறையாக ஏற்றது. அடிக்கடி புகை சூழும் பகுதியில் ஒரு நிலையத்திலாவது இந்தக் கருவியைப் பக்கத்தில் வைத்து ஓட்டுவது செலவுக்குத் தகும்.

புழுதியால் வரும் பிழை எதிர்த்திசையில் போகும். உறிஞ்சுகுழலின் டெஃப்லான் வடிகட்டியில் புழுதி படிந்தால் ஓசோன் கருவிக்கு வருமுன்பே அதில் அழியும். அளவு குறைவாகக் காட்டும். விதிப்படி இரண்டு வாரத்துக்கு ஒரு முறையாவது தெரிந்த அளவு ஓசோனைச் செலுத்திச் சரிபார்க்க வேண்டும். பாலைவனத்தில் அதோடு நிறுத்தாமல், ஒவ்வொரு புழுதிப்புயலுக்குப் பிறகும் வடிகட்டியை மாற்றிவிட்டுச் சரிபார்ப்பது நல்லது. அந்தச் சோதனை வாயுவை வடிகட்டிக்கு முன்னால், குழலின் வாயிலேயே செலுத்த வேண்டும். பின்னால் செலுத்தினால் வடிகட்டியின் குற்றம் தெரியவே தெரியாது.

மற்ற மூலங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஜூலை வாக்கில் தொடங்கும், அமெரிக்கத் தென்மேற்குப் பகுதியின் பருவமழைக் காலத்தில் மின்னல் உயரத்தில் நைட்ரஜன் ஆக்சைடை உண்டாக்கும். அது மேல்காற்றின் ஓசோனை உயர்த்தும், ஆனால் அதே மேகங்கள் தரையில் ஒளியைக் குறைத்துவிடும். நெடுநாள் காய்ந்த மண்ணில் முதல் மழை விழுந்ததும் நுண்ணுயிர்கள் விழித்து நைட்ரிக் ஆக்சைடை வெளியேற்றும். மீத்தேன் மெதுவாக எரியும் எரிபொருள்போல உலகம் முழுதும் ஓசோனை ஊட்டுகிறது. தொழிற்புரட்சிக்கு முன் 0.7 பிபிஎம் (பத்து லட்சத்தில் ஒரு பங்கு என்ற அளவு) ஆக இருந்தது, இன்று 1.9-ஐத் தாண்டிவிட்டது. அதை உலக அளவில் 20 சதவீதம் குறைத்தால் தரையளவு ஓசோன் ஏறத்தாழ 1 பிபிபி இறங்கும் என்று மாதிரிகள் காட்டுகின்றன. சிறிய எண்தான், ஆனால் எல்லா ஊருக்கும் ஒரே சமயத்தில் இறங்கும் எண்.

இனி விதி. ஒவ்வொரு நாளும் காலை 7 மணிக்குத் தொடங்கும் எட்டு மணி நேரச் சராசரி முதல் இரவு 11 மணிக்குத் தொடங்குவது வரை 17 சராசரிகளில் பெரியதே அந்த நாளின் அளவு. ஆண்டின் நான்காவது பெரிய அளவை எடுத்து, மூன்று ஆண்டுகளுக்குச் சராசரி கண்டு, தசமத்தை வெட்டிவிட வேண்டும். 70.9 வந்தால் 70, தேர்ச்சி. தரம் 1997-இல் 80, 2008-இல் 75, 2015-இல் 70 என்று இறங்கி வந்தது. லாஸ் வேகஸ் பள்ளத்தாக்கு 2018-இல் தரத்தை எட்டாத பகுதியாக, மிக இலேசான வகையில் சேர்க்கப்பட்டு, 2023-இல் அதற்கடுத்த மிதமான வகைக்கு உயர்த்தப்பட்டது. தரம் இறங்க இறங்க, பின்னணிக்கும் தரத்துக்கும் நடுவே நகரத்துக்கு மிஞ்சும் இடம் சுருங்குகிறது.

ஊடுருவலுக்கும் காட்டுத்தீக்கும் ‘விதிவிலக்கு நிகழ்வு’ என்ற வழி உண்டு. நிகழ்வுக்கும் மீறலுக்கும் தெளிவான காரணத்தொடர்பு இருப்பதையும், அது நியாயமாகத் தடுக்கக்கூடியதல்ல என்பதையும் நிறுவினால் அந்த நாள் கணக்கிலிருந்து நீங்கும். தீக்கு ஒரு முதற்கட்டச் சோதனை இருக்கிறது: தீ ஒரு நாளில் வெளியிட்ட நைட்ரஜன் ஆக்சைடையும் வினைபுரியும் கரிமச் சேர்மங்களையும் டன்னில் கூட்டி, கிலோமீட்டர் தொலைவால் வகுக்க வேண்டும், 100 அல்லது அதற்கு மேல் வந்தால் எளிய வகை ஆவணம் போதும். பெரும்பாலான தீக்கள் இந்த எண்ணை எட்டுவதில்லை. அப்போது காற்றின் பின்னோக்குப் பாதை, செயற்கைக்கோள் படம், தரையில் கார்பன் மோனாக்சைடும் நுண்துகளும் சேர்ந்து ஏறியதற்கான தரவு, ஒத்த வானிலை கொண்ட புகையற்ற நாள்களோடு ஒப்பீடு என்று எல்லாம் வேண்டும். ஆசிய மாசு மனிதர் உண்டாக்கியது என்பதால் இயற்கை நிகழ்வாகாது. அதற்குத் தூய காற்றுச் சட்டத்தின் 179பி பிரிவு இருக்கிறது. அது அந்த நாளைக் கணக்கிலிருந்து நீக்காது, வெளிநாட்டு மாசு இல்லாவிட்டால் தரத்தை எட்டியிருப்போம் என்று நிறுவ மட்டும் இடம் தரும்.

‘பின்னணி சராசரி 50, தரம் 70, ஆகவே நமக்கு 20 இருக்கிறது’ என்று கணக்குப் போடுவது நான் அடிக்கடி பார்க்கும் பிழை. மீறல் நிகழ்வது சராசரி நாளில் அல்ல. மாதிரிகளும் தமக்குள் 10 பிபிபி வரை வேறுபடும். வளிமண்டலத்தைப் பெரிய கட்டங்களாகப் பிரித்துக் கணக்கிடும் மாதிரி சில நூறு மீட்டர் தடிமனான நாக்கை அகலமாகப் பூசிவிடும், உச்சம் மழுங்கிப்போகும். அந்த நாளுக்கு அந்த நாளின் மலை அளவும் லைடார் அளவும்தான் பேச வேண்டும்.

‘பின்னணிதான் காரணம், நாம் செய்ய ஒன்றுமில்லை’ என்பது அதைவிடப் பெரிய பிழை. பழைய கணக்குக்கே திரும்புவோம். மேலிருந்து 64 இறங்கும் நாளில் நகரம் 12 சேர்த்தால் 76. நகரம் தன் பங்கைப் பாதியாக்கியிருந்தாலும் 70, மயிரிழையில் தப்பும். மேலிருந்து 68 வந்தால் பாதியாக்கினாலும் 74, மீறல்தான். ஆனால் 60 இறங்கும் நாள்கள் இவற்றைவிட அதிகம். அங்கே 12 சேர்ந்தால் 72, 6 சேர்ந்தால் 66. ஓர் ஆண்டின் பெரிய அளவுகள் 79, 76, 74, 73, 71, 70 என்று வைத்துக்கொண்டால் நான்காவது 73. முதலிரண்டு நாள்களும் ஊடுருவல் என்று நிறுவி நீக்கினால் நான்காவது 70 ஆகிவிடும். மீதமுள்ள நான்கு நாள்களில் மூன்றை டீசல் வண்டிகளும், பெட்ரோல் ஆவியும், இரட்டை வீச்சு எஞ்சின் கொண்ட தோட்டக்கருவிகளும், வண்ணப்பூச்சுக் கரைப்பான்களும் தரத்துக்கு மேலே தள்ளியிருக்கும். அந்த நாள்களின் விடியற்காலையில் மலை உச்சி 60-ஐத்தான் காட்டியிருக்கும்.